பதினொரு தரம் பார்த்த பெயர்

பத்மாசனிக்கு வாசிக்கத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருடச் சிறுபோகத்துக்குப் பிறகு எங்கள் வாய்க்கால் சனம் அவருக்கு எழுத்து வாசனை இல்லை என்று கதைத்துத் திரிகிறது. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். படிப்பை நிறுத்தியது இந்திய இராணுவ காலத்து ஓட்டம், மூளைக் குறைவு அல்ல. பசளைப் பையில் இருப்பதை வாசிப்பார். ஆஸ்பத்திரித் துண்டை வாசிப்பார். கணவனின் மருந்துக் குளிசைகளில் எது காலைக்கு, எது பின்னேரத்துக்கு என்று வாசித்துப் பிரித்துக் கொடுப்பவரும் அவர்தான்.

தகப்பன் வல்லிபுரம் கரவெட்டியிலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் குடியேறிய முதல் ஆட்களில் ஒருவர். கிடைத்தது இரண்டு ஏக்கர் வயல். அதுவும் வாய்க்காலின் கடைசி மதகுக்கு அருகில், மேலே உள்ளவர்கள் குடித்து மிஞ்சிய தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தில். அண்ணன்மார் இரண்டு பேரும் கனடாவுக்குப் போய்விட்டதால் காணி பத்மாசனியின் பெயருக்கு வந்தது. கணவன் ஐயாத்துரை ஒரு காலத்தில் உழவு இயந்திரம் ஓட்டியவர். மாத்தளனில் விழுந்த ஷெல் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து விறாந்தைக் கதிரையில் இருக்கிறார். கால் போன நட்டத்தை வாயால் ஈடுசெய்கிறவர். ஒரே மகள் தாட்சாயினி வவுனியாவில் ஒரு புடவைக் கடையில் வேலை, மாதத்துக்கு ஒருதரம் வருவாள்.

வன்னியில் ஐம்பது வயது கடந்த ஒரு பெண்ணுக்கு லிஸ்ற் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நிவாரண அட்டைக்கு லிஸ்ற். செட்டிகுளம் முகாமில் தகரத்தில் ஒட்டிய லிஸ்ற். மீளக் குடியமர்ந்த பிறகு கூரைத் தறப்பாளுக்கு ஒன்று, மண்வெட்டிக்கு ஒன்று, வீட்டுத் திட்டத்துக்கு ஒன்று. வெயிலில் வரிசையில் நின்று, விரலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போய், ‘ஐயாத்துரை, குடும்பம் 3’ என்ற வரியில் விரலை நிறுத்துவது பத்மாசனியின் வேலை. பெயர் இருந்தால் வீட்டுக்குப் போகலாம். இன்றைக்கோ அடுத்த மாதமோ சாமான் வரும். பெயர் இல்லாவிட்டால்தான் அலைச்சல். கிராம அலுவலரான விதானையிடம் போக வேண்டும், கடிதம் எழுத வேண்டும், அழ வேண்டும். பெயரைக் கண்ட பிறகு இன்னும் ஒரு வேலை செய்ய வேண்டும் என்று எந்த லிஸ்ற்றும் அவரிடம் கேட்டதில்லை. அத்தனை வருடமும் அவர் தேடிக் கண்டுபிடித்தது கணவனின் பெயரைத்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

சிறுபோகத்தில், அதாவது கோடை வெள்ளாமையில், குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. அதனால் வாய்க்கால் தொடங்குகிற தலைப்பில் உள்ள தரை மட்டும் விதைக்கப்படும். கடைசியில் காணி வைத்திருப்பவர்களுக்கும் அந்தத் தலைப்புத் தரையில் ஒரு துண்டு பங்காக வரும். நாலு ஏக்கர் உள்ளவருக்கு ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் உள்ளவருக்கு அரை ஏக்கர். ஒரு போகத்துக்கு மட்டும் மற்றவனின் தரை, உன்னுடைய நெல். உழவை விவசாயிகளின் கமக்காரர் அமைப்பே பொதுவில் செய்துவிடும். பங்கு வேண்டும் என்பவர்கள் முன்பெல்லாம் கமக்காரர் அமைப்புக் கட்டடத்துக்குப் போய்ப் புத்தகத்தில் கையெழுத்து வைப்பார்கள். வைக்காதவரின் பங்கு மிகுதிப் பங்காகி, கூடக் கேட்டவர்களுக்குப் போகும்.

இந்த முறை புத்தகமும் கையெழுத்தும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வரை போனில் செயலி என்று அமைப்பின் செயலாளர் செல்வநாயகம் அறிவித்தார். ‘நீர்ப்பங்கு’ என்று அதற்குப் பெயர். செய்து கொடுத்தவன் விதுசன். விசுவமடுப் பெடியன், படித்துவிட்டுக் கிளிநொச்சியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நாலு பேரோடு கம்பனி நடத்துகிறான். கெட்டிக்காரன். சனம் கஷ்டப்படக்கூடாது என்று நினைத்தவன். அவனுடைய அந்த நினைப்பிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

செயலியைத் திறந்தவுடன் தேடல் பெட்டி. அதை விரலால் தொட வேண்டும் என்றுகூட இல்லை. எழுத்துப் பலகை, எங்கள் ஆட்கள் கீபோட் என்று சொல்வது, தானாகவே கீழிருந்து எழுந்து நிற்கும். இரண்டு எழுத்தைத் தட்டினால் போதும், பெயர் வந்துவிடும். பெயருக்குக் கீழே பச்சைப் பொத்தான்: ‘இந்தப் பங்கை எடுக்கிறேன்’. விதுசனின் பெரிய போனில் பெயரும் தெரிந்தது, பொத்தானும் தெரிந்தது, அதற்கும் கீழே கீபோட் இருந்தது. சின்னத் திரையில் அவ்வளவு இடம் இல்லை. பெயர் தெரியும், அதோடு ஒட்டினாற்போலக் கீபோட் தொடங்கிவிடும். பொத்தான் அதற்குப் பின்னால். தேடி முடிந்ததும் கீபோட் தானாக இறங்க வேண்டும், அல்லது திரையை விரலால் தள்ளினால் ஒதுங்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் பொத்தானாவது கீபோட்டுக்கு மேலே ஏறி நிற்க வேண்டும். தேடல் பெட்டி வைக்கிறவன் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். விதுசன் யோசிக்கவில்லை. அவன் கையில் இருந்த போனில் அந்தப் பிரச்சினை இருக்கவில்லை.

பத்மாசனியிடம் இருந்தது மகள் கழித்துவிட்ட சின்னப் போன், ஒரு மூலை வெடித்தது. வெள்ளிக்கிழமை காலை, குசினி வாசலில் குந்தியிருந்து செயலியைத் திறந்தார். ‘பத்’ என்று தட்டும்போதே வந்துவிட்டது. ‘வல்லிபுரம் பத்மாசனி. 2 ஏக்கர். பங்கு: அரை ஏக்கர், மூன்றாம் மதகு.’ விரலை அந்த வரியில் வைத்துப் பார்த்தார். கீழே கீபோட் நின்றது. அதை இறக்க ஒரு வழி இருந்தது. திரையின் அடியில் உள்ள சின்ன அம்புக்குறியை விரலால் ஒருதரம் அழுத்தி அமர்த்தினால் போதும். ஆனால் மகள் போனைக் கொடுக்கும்போது படித்துப் படித்துச் சொன்னது அதைத்தான்: அம்மா, அந்த அம்புக்குறியை மட்டும் தொடாதேங்கோ, எல்லாம் போயிடும். பத்மாசனி தொடவில்லை. போனின் விளிம்பில் உள்ள பொத்தானை அமர்த்தித் திரையை அணைத்து நூர்த்தார். பெயர் இருந்தது. வேலை முடிந்தது.

ஐயாத்துரை கதிரையில் இருந்தபடி, என்ன சிரிப்பு என்று கேட்டார்.

“பேர் வந்திருக்கு. இஞ்ச பாருங்கோ.”

“எங்க என்ர பேர்?”

“உங்கட இல்லை. காணி என்ர பேரிலயெல்லோ. என்ர பேர்தான்.”

ஐயாத்துரை போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார். “அட, பெரிய முதலாளியம்மா. பேரை அவிச்சுத் தின்னலாமோ எண்டு கேட்டுச் சொல்லு.”

தின்ன வேறு அதிகம் இருக்கவில்லை. தை மாத மழையில் அறுவடைக்கு நின்ற கதிர் சாய்ந்து, கதிரிலேயே முளைத்துப் போனது. மிஞ்சியதில் நல்லதாக ஒன்றரைப் புசல் நெல்லைப் பத்மாசனி விதைக்கென்று ஒதுக்கி, அலுமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். இரண்டு மாதமாக வீட்டில் கோதம்பைமா ரொட்டிதான். அரை ஏக்கர் விளைந்தால் ஆவணியிலிருந்து அடுத்த மாசி வரை சோறு. விளையாவிட்டால் என்ன என்று அவர் யோசிக்கவே இல்லை, ஏனென்றால் பெயர் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் செயலாளரின் மச்சான் தவராசா செயலாளரிடம் போய், பொத்தான் எங்கே என்று கேட்டார். அவரிடமும் சின்னப் போன். செல்வநாயகம் விதுசனுக்கு அழைப்பு எடுத்தார். விதுசன் பக்கத்து மேசைக்காரனிடம் சின்னப் போன் ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். ஒரு மணித்தியாலத்துக்குள் திருத்தினான். அம்புக்குறியை ஒருதரம் அமர்த்தச் சொல்லுங்கோ, புதுச் செயலிக்கு லிங்க் அனுப்புறன், வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கோ என்றான். சரி தம்பி, நான் சொல்லுறன் என்றார் செல்வநாயகம். மச்சானுக்குச் சொன்னார். மச்சானின் தம்பிக்குச் சொன்னார். குழுவில் அன்றைக்கு அவர் போட்டது ஒரு கோயில் படமும் காலை வணக்கமும்தான். விதுசன் அந்தக் குழுவில் இல்லை. போட்டிருப்பார் என்று நம்பிவிட்டான்.

பத்மாசனி சனிக்கிழமையும் பெயரைப் பார்த்தார். மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு ஒருதரம், சமைத்துவிட்டு ஒருதரம். முன்வீட்டுப் பெண்ணுக்குக் காட்ட ஒருதரம். ஞாயிற்றுக்கிழமை விதைநெல்லை ஊறப் போட்டுவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்து, மறுபடியும் பார்த்தார். அதே வரி. ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்குச் செயலி பூட்டப்பட்டது.

திங்கட்கிழமை அமைப்புக் கட்டடச் சுவரில் தாளில் அடித்த பட்டியல் ஒட்டினார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம். பட்டியலில் நூற்றைம்பத்தொன்று. பத்மாசனி விரலை மேலிருந்து கீழே இழுத்தார். பிறகு கீழிருந்து மேலே இழுத்தார். மூன்றாம் மதகுக்கு எதிரே தவராசாவின் பெயர் இருந்தது, பக்கத்தில் ‘மிகுதிப் பங்கு’ என்று.

செவ்வாய்க்கிழமை காலை கூட்டம். விடுபட்ட அறுபத்தொரு குடும்பமும் வந்திருந்தது. விதுசன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான், கையில் ஒரு கட்டுத் தாள். யார் எத்தனை மணிக்குச் செயலியைத் திறந்தார், என்ன தேடினார், பெயர் வந்ததா, பொத்தான் அமர்த்தப்பட்டதா என்று செயலி குறித்து வைத்த எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தான். இந்தச் சனம் அக்கறை இல்லாமல் இருக்கவில்லை, தேடி வந்து பெயரைப் பார்த்திருக்கிறது, பிழை செயலியில் என்று நிரூபிக்கலாம் என்பது அவனுடைய எண்ணம். சான்று இருந்தால் நீதி கிடைக்கும் என்று பல்கலைக்கழகம் படித்தவனால்தான் நம்ப முடியும்.

செல்வநாயகம் பொறுமையாகக் கேட்டார். முன்வரிசையில் பத்மாசனி நின்றதால், எங்கே, இவவின்ர விபரத்தை வாசியுங்கோ தம்பி என்றார். விதுசன் வாசித்தான். வெள்ளி காலை ஏழு பதினாலு, பெயர் காட்டப்பட்டது. வெள்ளி ஒன்பது இரண்டு, பெயர் காட்டப்பட்டது. வாசித்துக்கொண்டே போனான். பின்னால் யாரோ சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். பதினொன்றில் முடிந்தது. பங்கை இழந்தவர்கள் நடுவிலிருந்தே முதலாவது சிரிப்பு வந்தது.

“பதினொரு தரம்,” என்றார் செல்வநாயகம். “பதினொரு தரம் பாத்தவா, ஒரு தரமும் அமத்தேல்லை. விருப்பம் இல்லாட்டித்தானே தம்பி அமத்தாம விடுவினம்?”

விதுசன் கீபோட் பொத்தானை மறைத்ததை விளங்கப்படுத்தினான். தன்னுடைய பிழை என்றும் சொன்னான்.

“அப்ப நூத்தைம்பத்தொரு பேருக்கு எப்பிடித் தெரிஞ்சது?”

“பெரிய போன் வைச்சிருந்த ஆக்களுக்கு மறைக்கேல்லை ஐயா. நான் சனிக்கிழமையே உங்களுக்குச் சொன்னனான். அம்புக்குறியை அமத்தச் சொல்லிச் சொன்னனான், லிங்க்கும் அனுப்பினனான்.”

“சொன்னனீங்கள், இல்லையெண்டு சொல்லேல்லை. நானும் சொன்னனான். கேளாத ஆக்களுக்கு நான் என்ன செய்யிறது?”

தவராசா கதிரையிலிருந்து எழும்பி, ஓம், எனக்குச் சொன்னவர் என்று சாட்சி சொன்னார். அதற்கும் ஒரு சிரிப்பு.

பிறகு செல்வநாயகம் பத்மாசனியின் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியை விசாரிப்பது மாதிரிக் கேட்டார்.

“தங்கச்சி, பேரைக் கண்டனீங்களோ?”

“கண்டனான் அண்ணை.”

“கண்டிட்டு என்ன செய்தனீங்கள்?”

“பேர் இருந்தது. போனை நூத்து வைச்சன்.”

“சரி, அது முதல் தரம். மிச்சப் பத்துத் தரமும் என்னத்துக்குத் திறந்தனீங்கள்?”

அறுபது குடும்பத்தின் முன்னால், தன் பெயரைப் பார்க்க ஆசையாக இருந்தது என்று ஒரு ஐம்பத்தொரு வயதுப் பெண் எப்படிச் சொல்வார்? முப்பது வருடமாக லிஸ்ற்றுகளில் புருசனின் பெயரையே தேடியவள், தன்னுடைய பெயர் வந்த லிஸ்ற்றை மூட மனம் வரவில்லை என்று சொன்னால் அதற்கும் அல்லவா சிரிப்பார்கள்.

“சும்மா அண்ணை. பாக்க.”

“சும்மா பாக்க,” என்று செல்வநாயகம் திருப்பிச் சொல்லி, கூட்டக் குறிப்பு எழுதுகிறவரைப் பார்த்தார். அந்தக் குறிப்பை நான் வாசித்திருக்கிறேன். ‘வ. பத்மாசனி அவர்கள் செயலியைப் பதினொரு தடவை சும்மா பார்த்ததாகச் சபை முன் ஒப்புக்கொண்டார். ஏனையோரும் அவ்வாறே என்பதால் வெளியிடப்பட்ட பட்டியல் மாற்றமின்றி ஏற்கப்படுகிறது.’ அறுபத்தொரு குடும்பத்தின் சிறுபோகம் அந்த ஒரு வசனத்தில் போனது. கட்டடத்தை விட்டு வெளியே வரும்போது, பங்கு போன சனமே பத்மாசனியைப் பார்த்துப் பல்லைக் கடித்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். விதுசன் தாள் கட்டைக் கையில் வைத்தபடி, அன்ரி, அன்ரி என்று பின்னால் வந்தான். பத்மாசனி அவனைப் பார்த்து, நீர் போம் தம்பி, வெயில் ஏறுது என்றார்.

வீட்டில் விதைநெல் சாக்குக்குள் முளை விட்டிருந்தது. வெள்ளை வெள்ளையாக, அரிசிப்பல் அளவு. முளை கட்டிய நெல் ஒரு நாள் பொறுக்கும், இரண்டாம் நாள் பொறுக்காது. குத்தி அரிசியாக்கவும் முடியாது, காயப்போட்டு வைக்கவும் முடியாது. கடைசி மதகுக்கு அருகில் இருந்த சொந்த வயல் வெடித்துக் கிடந்தது. ஐயாத்துரை சாக்கை எட்டிப் பார்த்தார்.

“பதினொண்டு,” என்றார். கூட்டத்துக் கதை அவருக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. “பன்னிரண்டாம் தரமும் பாத்திருந்தா ஒருவேளை தண்ணி தானா வந்திருக்குமோ?”

பதினொண்டு என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. இன்றைக்கும் கடையில் அவர் வந்தால், பதினொண்டு வருது என்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் என்று தெரியாது, அவர்களும் சொல்கிறார்கள்.

அன்று பின்னேரம் தவராசா சைக்கிளில் வந்து வாசல் படலையில் நின்றார். நெல் முளைச்சிட்டுதாம் எண்டு கேள்விப்பட்டன், வீணாப் போகப் போகுது, என்னட்டத் தாங்கோ அக்கா, அரை ஏக்கருக்கு எனக்கு விதை காணாமக் கிடக்கு என்று கேட்டார். அறுத்த பிறகு அதே அளவு திருப்பித் தருவதாகவும் சொன்னார். எந்த அரை ஏக்கர் என்று பத்மாசனி கேட்கவில்லை. சாக்கின் ஒரு காதைத் தான் பிடித்து, சைக்கிள் கரியரில் ஏற்றிக் கட்டவும் உதவினார். அழுகி நாறுவதை விட எங்கேயாவது முளைக்கட்டும் என்று நினைத்திருப்பார். அல்லது எதையும் நினைக்காமல் இருந்திருப்பார்.

விதுசனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அடுத்த குளத்து அமைப்பும் அவனிடமே செயலி வாங்கியது. அங்கே தொட்டால்தான் கீபோட் எழுகிறது. பெயர் வந்ததும் தானாக இறங்கிவிடுகிறது. எவ்வளவு சின்னத் திரையிலும் பச்சைப் பொத்தான் வெளியே நிற்கிறது. அந்தச் சனம் அவனுக்குப் பொன்னாடை போர்த்தியது. எங்கள் வாய்க்காலில் நடந்ததை வைத்துத்தான் அதைத் திருத்தினேன் என்று அவனே சொன்னான். எங்கள் வாய்க்காலுக்கு அவன் அதற்குப் பிறகு வரவில்லை.

வைகாசி நடுவில் களை பிடுங்க ஆள் தேவைப்பட்டது. பத்மாசனி போனார், போகாவிட்டால் ரொட்டிக்கும் மா இல்லை. மூன்றாம் மதகுத் துண்டில் பயிர் முழங்காலுக்குக் கீழே பச்சையாக நின்றது. நல்ல முளைப்பு. ஆறு பெண்கள் வரிசையில் குனிந்து போனார்கள். தவராசா வயல் வரம்பின் மேல் குடையோடு நின்றார்.

“அக்கா, உங்கட வயல் எண்டு நினைச்சுப் பிடுங்குங்கோ. அப்பத்தான் களை அடியோட வரும்.”

மற்றப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பத்மாசனி நிமிரவில்லை. விதைப்பு நெருக்கமாக விழுந்த இடத்தில் நாற்றைக் கலைத்துப் பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்கிய நாற்று ஒரு கை நிறையச் சேர்ந்தது. வேர் வெள்ளையாக, சேறு ஒட்டியபடி. மத்தியானம் அவர் அதைப் பிடித்துக்கொண்டு வரம்பருகே போனார்.

“தவராசா, இந்தப் பிடியைக் கொண்டு போகட்டோ? கிணத்தடியில வைச்சுப் பாப்பம்.”

தவராசா கொஞ்சம் யோசித்தார். யோசித்ததாகவாவது காட்டினார்.

“அது பங்குத் தண்ணியில வளந்த நாத்து அக்கா. பங்கு இல்லாத ஒராளுக்குக் குடுத்தா, நாளைக்கு மிச்ச அறுபது பேரும் வரம்பில வந்து நிப்பினம். எனக்குக் குடுக்க விருப்பமில்லை எண்டில்லை.” அவர் குடை நுனியால் வயலின் நடுவில் முளைக்காமல் விட்ட ஒரு வட்டத்தைக் காட்டினார். “அங்க பொட்டலாக் கிடக்கு, பாருங்கோ. அதுக்க நட்டு விடுங்கோ.”

பத்மாசனி சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் போய், ஒவ்வொரு நாற்றாகப் பிரித்து, அந்த வட்டத்தை நிரப்பினார்.